ருக்குமணி ஊட்டுச் செலவுப் பொடி

என் அன்பான அக்காவுக்கு,

நீ போய் வருசம் திரும்பப் போகிறது. திதி கொடுப்பதற்கு முன்னால் உன்னிடம் ஒரு சேதி சொல்லியாக வேண்டும். ஊராருடைய சேதியையே எழுதிப் பழகிய கைக்குச் சொந்த வீட்டுச் சேதி சட்டென்று வரவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

செல்விக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். இதை முதலில் சொன்னால்தான் மற்றதை நீ பொறுமையாகக் கேட்பாய்.

உன் சின்ன மகளை முதல் பிரசவத்துக்கு நல்லூருக்குக் கூட்டிவர நானும் உன் மூத்தவள் ஜோதியும் உடுமலைக்குப் போய் நின்றோம். செல்வியின் மாமியார் தெய்வாத்தாவை உனக்குத் தெரியும். மோர் கொடுத்து, விசிறி கொடுத்து, மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் சொன்னார். “கோவிச்சுக்காதீங்க. தாயில்லாத ஊட்டுக்கு மொதப் பிரசவத்துக்கு எப்படீங்க அனுப்பறது?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஜோதி என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டாள். திரும்பி வரும்போது பல்லடத்தில் பஸ் நின்றதும் சொன்னாள். “தாயில்லீங்க மாமா, செரி. அக்கா இல்லையா?”

அங்கேயே பிரசவம் ஆனது. குழந்தையைத் தொட்டிலில் போடும் நாளுக்குச் சீர் கொண்டு போக வேண்டும். அன்றைக்கு நல்லபடியாகப் பேசினால் செல்வியையும் குழந்தையையும் சில மாதமாவது கூட்டிவந்துவிடலாம் என்று ஜோதி நம்பினாள். தங்கச் சங்கிலி, வெள்ளிக் கொலுசு எல்லாரும் கொண்டு போவதுதான். “எங்கம்மா ஊட்டுல இருந்து வந்துச்சுன்னு அவிங்க வாயிலயே சொல்லோணும், அப்படி ஒண்ணு வேணும்” என்றாள். யோசித்து யோசித்து உன் செலவுப் பொடியில் வந்து நின்றாள்.

மல்லி, சீரகம், மிளகு, திப்பிலி, சுக்கு, சித்தரத்தை, விரலி மஞ்சள். பெற்றவளுக்கு ரசம் வைக்க நீ அரைத்த பொடி. எதையும் எழுதி வைத்தவள் இல்லை நீ. ஜோதி உன் பக்கத்தில் நின்று பார்த்ததை வைத்து ஒவ்வொன்றாக வறுத்தாள். மல்லியை மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியின் சூட்டிலேயே புரட்டினாள். ரசம் வைத்து எனக்கு ஒரு டம்ளர் நீட்டினாள்.

“அம்மா வெச்ச மாதிரி இருக்குதுங்களா? எங்க ரெண்டு பேரு பிரசவத்துலயும் அம்மாவுக்குப் போட்டியா குடிச்சது நீங்கதானாமா.”

நீ சொல்வாயே, “பெத்தவ நானு, பத்தியம் இவனுக்கு” என்று. குடித்தேன். மிளகு தொண்டையில் இறங்கின பிறகு மெதுவாகச் சித்தரத்தை ஏறியது. அதேதான் அக்கா. கண்ணில் நீர் வந்தது. காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

உன் காலத்தில் இந்தப் பொடி அக்கம்பக்கத்துக்கெல்லாம் எப்படிப் போகும்? நான் வேலை செய்யும் பேப்பரைக் கிழித்துப் பொட்டலம் கட்டுவாய். “இதுக்காச்சும் ஆகுதே” என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டுவாய். உடுமலைக்குப் பொட்டலம் போதாது என்று ஜோதி நினைத்தாள். கட்டிங்கில் மிஞ்சிய வெள்ளை பனியன் துணியை வாங்கி, ஓவர்லாக் மிஷினில் பைகள் தைத்தாள். சுருக்குப் போட நாடா கோத்தாள். தெருக்கோடி பிரிண்டிங் பட்டறையில் பச்சை எழுத்தில் அச்சடித்துக் கொண்டு வந்தாள்: ருக்குமணி ஊட்டுச் செலவு. அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பை. செல்விக்கு மட்டும் பெரிய பை.

உன் பெயர் காயட்டும் என்று பைகளைக் கொடியில் மாட்டியிருந்தாள். தெருவில் போன கம்பெனி வேன் டிரைவர் ஏதோ எக்ஸ்போர்ட் ஆர்டர் என்று நினைத்து நிறுத்தி, “எந்த பையருக்குங்க இது?” என்று கேட்டான். “எங்கம்மாவுக்கு” என்றாள். அவன் ஒன்றும் புரியாமல் போனான்.

இனிமேல்தான் அக்கா, நீ கொஞ்சம் மனதைக் கெட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பனியன் துணிக்குக் கண் உண்டு. பொடி நைசாக இருந்தால் கசியும். கிளம்புகிற அன்று காலையில் கட்டி வைத்த பைகள் மேலெல்லாம் மஞ்சள் புள்ளி. ஜோதி பூ வாங்கப் போயிருந்தாள். அவள் புருசன் முருகேசன் அதைப் பார்த்துவிட்டான். வீட்டுக்குக் கீழறையில் பனியன் செக்கிங் நடத்துகிறவன் அல்லவா? வெள்ளைத் துணியில் கறை கண்டால் அவன் கை சும்மா இருக்காது. பைகளை அள்ளிக்கொண்டு போய் மேசையில் வரிசையாகப் பரப்பினான். கறை எடுக்கிற ஸ்பிரே கன்னை எடுத்தான். சி.டி.சி. என்று சொல்கிறார்களே, அந்த மருந்தை ஒவ்வொரு புள்ளி மேலும் அடித்தான். பொடி உள்ளே இருக்கும்போதே. ஃபேனுக்கு அடியில் காட்டி, மறுபடி தட்டில் அடுக்கி வைத்தான். எக்ஸ்போர்ட் பீஸ் போலப் பளிச்சென்று இருந்தன. அந்த மருந்து அடித்த நேரத்தில் பறந்துவிடும். மிச்ச வாசனையை மிளகு மூடிவிட்டது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

உடுமலையில் நல்ல கூட்டம். தெய்வாத்தா ஒரு பையை எடுத்து முகர்ந்து பார்த்தார். அச்சைத் தடவினார். “பரவால்லீங்க. பெத்தவ பேரையே கொண்டாந்துட்டீங்க” என்றார். அக்கா, உன் பெயர் அந்தக் கூடத்தில் கைக்குக் கை போனது. பெரிய பையை அவர் மூத்த மருமகளிடம் நீட்டி, “மத்தியானத்துக்குச் செல்விக்கு இதுலயே ரசத்த வெச்சுரு” என்றார். ஜோதி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். பாதி கிணறு தாண்டிவிட்டோம் என்றது அந்தப் பார்வை.

முருகேசன் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான். என் காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

“வெள்ளையப் பாத்தீங்களா மாமா? காலைல மஞ்சளா மஞ்சளாக் கெடந்துச்சு. ஒரு கறை இல்லாம எடுத்துட்டனுங்க.”

“எதுல எடுத்த?”

“நம்ம கன்னுலதானுங்க.”

முன்பொரு முறை ஒரு கம்பெனியில் செக்கிங் பெண் ஒருத்தி மயங்கி விழுந்ததை எழுதப் போயிருந்தேன். அடைத்த அறை, நாள் முழுக்க அந்த மருந்து. அன்றைக்கு டாக்டர் என்னிடம் சொன்னது ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. மூச்சில் போவதே ஆகாது, வாயில் பட்டால் ஈரலைப் பிடிக்கும். பொடிக்குள் எவ்வளவு இறங்கியிருக்கும்? எவ்வளவு பறந்திருக்கும்? எனக்குத் தெரியாது. அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. அடுப்படியில் கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சொன்னால் செல்வி வரமாட்டாள். உன் பெயர் போட்ட பை விஷப் பை ஆகிவிடும். சொல்லாவிட்டால்?

பெண்கள் நடுவிலிருந்து ஜோதியைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவள் முகம் மாறியது. புருசனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “பெரிய பையிலயுமா?” அவன் தலையை ஆட்டினான். விசயம் அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். உதடு வெளுத்துவிட்டது.

ஜோதி ஓடவில்லை. ஓடினால் எல்லாரும் பார்ப்பார்கள். சீலையைச் சரி செய்துகொண்டு உள்ளறைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். செல்வி கட்டிலில் சாய்ந்திருந்தாள். மடியில் குழந்தை, கையில் டம்ளர். ஊதிக்கொண்டிருந்தாள்.

“செல்வி, அதக் கீழ வையி.”

“ஏனுங்க்கா? அம்மா ரசம் வாசம் அப்படியே...”

“வையுன்னா வையி!”

டம்ளரைப் பிடுங்கிய வேகத்தில் ரசம் ஜோதியின் கையில் கொட்டியது. அவள் கையை உதறக்கூட இல்லை. “வாய வெச்சியா? சொல்லு கண்ணு, ஒரு சொட்டாச்சும் குடிச்சியா?”

“இல்லீங்க்கா. சூடா இருந்துச்சு, ஆத்தீட்டு இருந்தேன்.”

ஜோதி அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய் ரசத்தைச் சட்டியோடு தூக்கிக் கொண்டுபோய்ப் புழக்கடையில் கொட்டினாள். தொட்டில் போடுகிற நாளில், சம்பந்தி வீட்டு அடுப்பிலிருந்து இறக்கியதைக் கேட்காமல் கொட்டினாள். தெய்வாத்தா வாசலில் வந்து நின்றார்.

“என்ன பண்றே நீயி?”

ஜோதி எதையும் பூசி மெழுகவில்லை. பொடி கெட்டுப் போச்சு என்றோ, பூச்சி விழுந்தது என்றோ சொல்லியிருக்கலாம். அவர்களும் நம்பியிருப்பார்கள். கன்னைச் சொன்னாள், மருந்தைச் சொன்னாள், அடித்தது தன் புருசன் என்பதையும் சொன்னாள். அதற்குள் கூடத்தில் சலசலப்பு. நானும் முருகேசனும் ஒவ்வொரு பெண்ணிடமும் போய், “அந்தப் பையைக் குடுத்துருங்க, தப்பு நடந்துபோச்சு” என்று கை நீட்டி வாங்கினோம். கொடுத்த சீரைத் திரும்பக் கேட்டு வாங்குகிற தாய்மாமனை உடுமலை அன்றைக்குத்தான் பார்த்தது. ஒரு பெரியம்மா பையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். “குடுத்தத வாங்கறீங்களே சாமி, உங்கூர்ல இதுதான் மொறைங்களா?” என்று அவிழ்த்துக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முருகேசன் தலை நிமிரவில்லை.

தெய்வாத்தா சிரிக்கவில்லை. எல்லாம் அடங்கின பிறகு ஜோதியிடம் கேட்டார். “அந்த மருந்து எங்க இருக்குது?”

“ஊட்டுக்குக் கீழங்க. செக்கிங் அங்கதான் நடக்குது.”

“நீங்க படுத்துத் தூங்கறது?”

“மேலங்க.”

“அந்த ஊட்டுக்கா எம் பேத்தியக் கேக்க வந்தீங்க?”

அவர் விடவில்லை. “பச்ச ஒடம்புக்கு ஆகாதுன்னு ஓடி வந்து கொட்டறியே, உன் ஒடம்புக்கு மட்டும் ஆகுமாக்கு?”

அக்கா, பஸ்ஸில் வரும்போது புதிதாக நட்டிருந்த காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கீழே அந்த மேசையில் நீயும்தானே உட்கார்ந்திருந்தாய்? ஜோதி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. உனக்குக் காமாலை என்றார்கள், ஈரல் போய்விட்டது என்றார்கள். நாங்களும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? உண்டு என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

முருகேசன் மறுநாளே புழக்கடையில் குழி தோண்டி அத்தனை பொடியையும் புதைத்தான். அதற்குப் பிறகுதான் அவன் செய்தது எனக்கே ஆச்சரியம். மேசை, கன், மருந்து கேன் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினான். நிட்டிங் கம்பெனி ஒன்றின் பின்னால் நாலு பக்கமும் திறந்த ஒரு கொட்டகையைப் பிடித்துச் செக்கிங்கை அங்கே மாற்றிவிட்டான். வேலை கொடுக்கிற கம்பெனிக்காரர் முணுமுணுத்தார். “ஊட்டோட இருந்தா ராத்திரி பகல் ஓடும், இப்ப டெலிவரி லேட்டாகும்” என்றாராம். “ஆகட்டுங்க” என்று வந்துவிட்டான். கீழறைக்குச் சுண்ணாம்பு அடித்தான். கதவு சன்னலை நாள் முழுக்கத் திறந்து போட்டான். ஜோதி அவனிடம் அப்போதும் சரியாகப் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

உடுமலையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் எஸ்.டி.டி. பூத்தில் நின்று கூப்பிட்டபோதெல்லாம் தெய்வாத்தாவின் மகன்தான் எடுத்தான். “அம்மா ஒண்ணும் சொல்லலீங்க” என்பான்.

போன வாரம், சொல்லாமல் கொள்ளாமல், தெய்வாத்தாவே வந்து இறங்கினார். தனியாக. “வாங்க” என்றதற்குத் தலையசைத்தார். உட்காரவில்லை. கீழறைக்குப் போனார். மூலை மூலையாக நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். குனிந்து தரையை முகர்ந்தார். மேலே வந்து தொட்டில் கட்ட வைத்திருந்த சீலையை எடுத்து மூக்கில் வைத்தார். கம்பெனி பையர் கூட இப்படி ஒரு இன்ஸ்பெக்‌ஷன் செய்து நான் பார்த்ததில்லை. முருகேசன் சுவரோரம் கையைக் கட்டி நின்றான், பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடுமோ என்று நிற்பதுபோல.

“செலவு இருக்குதா?” என்று கேட்டார்.

ஜோதி புதிதாக அரைத்து வைத்திருந்தாள். கண்ணாடி பாட்டிலில்.

“ஒரு ரசம் வையி.”

வைத்தாள். தெய்வாத்தா டம்ளரை வாங்கி ஆற்றவே இல்லை. சுடச்சுட, எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டே, முழுசாகக் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“உப்புக் கொறைச்சல்” என்றார்.

ஜோதி தலை குனிந்தாள்.

“புதன்கிழமை வண்டி புடிச்சுட்டு வாங்க. புள்ளையும் கொழந்தையும் ரெடியா இருப்பாங்க.” படியிறங்கும்போது திரும்பி முருகேசனைப் பார்த்தார். “உங்களத்தானுங்க மாப்பிள்ளை. அந்தக் கேனு மறுக்கா இந்தப் படியேறுச்சுன்னா, நானும் ஏறுவேன்.”

நாளைக்குப் புதன்கிழமை. ஜோதி இப்போது பாட்டில்களில் பொடி நிரப்பிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குத் திரும்ப வாங்கினோமே, அந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டில். மூடி இறுகினதும், மிஞ்சிய வெள்ளைத் துணியில் தொப்பிபோல ஒன்று தைத்து மேலே மாட்டுகிறாள். உன் பெயர் அதில் இருக்கிறது. பொடிக்கும் துணிக்கும் நடுவில் மூடி இருக்கிறது. ஒரு தொப்பியில் மட்டும் மஞ்சள் விரல் பதிந்துவிட்டது. முருகேசன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். “இருக்கட்டும் விடுங்க” என்றாள் ஜோதி. அவள் அவனிடம் முகம் பார்த்துப் பேசியது அன்றிலிருந்து இதுதான் முதல் தடவை.

அக்கா, நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு இது. அந்தக் கேன் உன் வீட்டுப் படியேறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற வீடுகளில் அது எங்கெங்கே படியேறியிருக்கிறது, அந்த மேசைகளில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெருத் தெருவாகப் போய்க் கேட்டு எழுதுவேன். தெரிந்ததை மட்டும் எழுதுவேன். நீ ரசம் கொடுத்து வளர்த்த உடம்பு, நடக்கத் தெம்பு இருக்கிறது.

செல்வி வந்ததும் முதல் டம்ளர் அவளுக்கு. இரண்டாவது வழக்கம்போல்

உன் தம்பி,
ராசுவுக்கு.