நீலத்துக்குத் தூக்கிய கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். அம்மா சொல்லி என்று எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆறு வாரமாக நீ போன் செய்யும்போதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருந்தேன், இல்லையென்றால் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், இல்லையென்றால் கடையில் கூட்டம். ஒரு மனுஷன் ஒரே நாள்ல மூணு தடவை குளிப்பாரா என்று நீ கேட்டாயாம். உன் அப்பா குளிப்பான், கோபம் வந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் குளிப்பான். இப்போதும் போனை எடுத்திருக்கலாம்தான், ஆனால் முதல் நிமிடமே என் குரல் உயரும், உன் குரல் உடையும், நடுவில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நடுவர் வேலை பார்ப்பாள். அதனால்தான் கடைக்கு விடுமுறை நாளாகப் பார்த்து, முதல் நாற்காலியில் நானே ஏறி உட்கார்ந்து, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் பலகையில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எதிரே என் முகம்தான் தெரிகிறது, பார்த்துக்கொண்டே எழுதினால் பொய் வராது என்று ஒரு நம்பிக்கை.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குப் பள்ளி நூலகத்தில் வேலை கூடிவிட்டது, புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், அதைப் போட்டதிலிருந்து வீட்டில் தூசி அதிகமாகத் தெரிகிறதாம், துடைப்பது நான். சமையலறைக் குழாய் ஒழுகியது, நானே சரி செய்தேன், இப்போது குளியலறைக் குழாயும் சேர்ந்து ஒழுகுகிறது. கடையில் இரண்டாவது நாற்காலியில் நம் வானொலி வழக்கம்போல வாயை மூடாமல் முடி வெட்டிக்கொண்டிருக்கிறான், முதுகுவலி வந்தும் ஒலிபரப்பு நிற்கவில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். உன் ஊரில் மஞ்சள் அணியோடு நம் நீலச்சட்டைக்காரர்கள் மோதினார்களே, அதற்கு முன்பே உனக்குப் புதுக் கொடி ஒன்று தபாலில் அனுப்பியிருந்தேன். ஆயிரம் மஞ்சளுக்கு நடுவில் என் மகள் ஒருத்தி நீலக் கொடியோடு நிற்பாள் என்று கடைக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் அளந்துவிட்டிருந்தேன். ஒரு கோலில் தோற்றோம். மறுநாள் மதியம் அம்மா சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து பலகையில் வைத்துவிட்டு, ஏதோ குழாய் ஒழுகுவதைச் சொல்வதுபோல, உங்க பொண்ணு இப்ப மஞ்சள் பொண்ணுங்க டீம்ல ஆடுறாளாம், நீங்க அனுப்பின கொடியைப் பத்திரமா வச்சிருக்காளாம், ஆனா பிடிக்க மாட்டாளாம் என்று சொன்னாள். அந்த நேரம் பார்த்து என் நாற்காலியில் இருந்தவர் நம் கிளப் செயலாளர். அவருடைய மீசை உனக்குத் தெரியும், ஆளுக்கு முன்னால் அரையடி போகும் மீசை. என் கை ஆடிவிட்டது. இடது பக்கம் குறைந்தது, சமமாக்கலாம் என்று வலது பக்கத்தைக் குறைத்தேன், அது அதிகமாகக் குறைந்துவிட்டது, மறுபடியும் இடது. கடைசியில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒன்றுதான் மிஞ்சியது. இருபத்தேழு வருஷத் தொழிலில் முதல் தடவை. மனிதர் கண்ணாடியில் பார்த்துவிட்டு கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, கண்ணாடி மூலையில் செருகியிருந்த உன் படத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். பதினேழு வயதில் நீலச் சட்டையும் பெரிய கையுறையுமாக நீ கோல்கம்பத்துக்கு முன்னால் நிற்கிற படம். எடுத்த இடத்தில் ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. நாற்காலியில் உட்கார்கிற ஒவ்வொருவனும் நம்ம கோல்கீப்பர் எங்கே என்று கேட்டான். சட்டம் போடக் கொடுத்திருக்கேன் என்றேன். மூன்று வாரம் ஆனதும் வானொலி, அப்படி என்னண்ணே சட்டம், மரத்தை நட்டு வளர்த்துச் செய்யிறானா என்றான். சுவரில் நான் எழுதி ஒட்டிய அட்டை ஞாபகம் இருக்கிறதா, கட்சி மாறியவர்களுக்கு முடி வெட்டப்படும், பேச்சுக் கிடையாது என்று. அது பாப்பாவுக்கும் சேர்த்துத்தானா என்று அவன் கேட்டான். ஆமாம் என்று சொன்னேன். சொன்னேன் மகளே, மறைக்க விரும்பவில்லை.

ஐந்து வாரம் கழித்து மீசை ஓரளவு தலைகாட்டியதும் செயலாளர் சவரத்துக்கு வந்தார். கன்னத்தில் நுரையைத் தடவிக்கொண்டே என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன், நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்வார் என்றுதான். தோளில் உட்கார வைத்து மைதானத்துக்குத் தூக்கிப்போன பிள்ளை, அவளே மாறிட்டா பாருங்க என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே, அதுக்கென்ன பண்றது, பொண்ணுங்க டீமைத்தான் நாம மூடிட்டோமே, விளையாடுற பொண்ணு வேற எங்க போவா என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீங்கதானே மூடினீங்க என்றேன். கண்ணைத் திறந்தார். நாங்க எங்கண்ணே மூடினோம், அவங்க உடை மாத்துற ரூமை விருந்தாளிங்க ரூமா ஆக்குறோம்னு பொதுக்கூட்டத்துல வச்சோம், நீங்கதான் முதல்ல கையைத் தூக்கினீங்க, ரூம் போனதும் டீமும் தானா நின்னு போச்சு, அப்ப ஒரே ஒருத்தர் ஏன்னு கேட்டிருந்தாக்கூட விட்டிருப்போம் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, உங்க பொண்ணும் இன்னும் ரெண்டு மூணு பொண்ணுங்களும் கதவோரம் நின்னு பாத்துட்டுத்தானே இருந்தாங்க, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் என்றார்.

கத்தியை மடக்கி வைத்துவிட்டேன். இனி நான் வழித்தால் மீசையோடு போகாது என்று வானொலியைக் கூப்பிட்டு மிச்சப் பக்கத்தை வழிக்கச் சொன்னேன்.

என் பழக்கம் உனக்குத் தெரியும். கிளப் கூட்டத்தில் எதை வாசித்தாலும் முதல் கை என் கைதான். புல்தரைக்கு உருளை வாங்க வேண்டுமா, கை. கொடிக்கம்பத்துக்கு வர்ணமா, கை. நீலத்துக்காக என்றால் காது கேட்பதற்கு முன்னால் கை மேலே போய்விடும், அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். உடை மாற்றும் அறை எண் இரண்டு என்று அன்று வாசித்திருப்பார்கள். அது யாருடைய அறை என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாரத்தில் மூன்று நாள் அந்த அறை வாசலில்தான் உன் பையை வைத்துக்கொண்டு காத்திருப்பேன், கதவில் எழுதிய எண்ணை ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து கையுறைகளைச் சோப்புப் போட்டு அலசித் துணிக்கொடியில் காயப்போட்டாய். காய்ந்ததும் மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாய். இனிமே படிப்பு அதிகம்ப்பா, விளையாட நேரம் இருக்காது என்றாய். பெண் பொறுப்பாகப் பேசுகிறாளே என்று நான் உன் தலையைத் தடவினேன். அடுத்த ஞாயிறு என்னோடு மைதானத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து நீலத்துக்குக் கைதட்டவும் செய்தாய். ஒன்பது வருஷம் ஆகிறது. அப்பா தலைகுனியக்கூடாது என்று பதினேழு வயதில் வாயை மூடிக்கொண்டவளோடுதான் இந்த ஆறு வாரம் நான் பேசாமல் இருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எனக்கு அன்னிக்கே தெரியும், உங்க கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா என்றாள். இருபத்தெட்டு வருஷமாக என் செருப்புச் சத்தத்திலேயே ஆட்ட முடிவைக் கண்டுபிடிக்கிறவள், இதை மட்டும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் கெட்டிக்காரிகள்.

போன வாரம் கிளப்பின் வருஷக் கூட்டம் நடந்தது. விருந்தாளிகள் அறைக்குப் புது சோபா வாங்குவது பற்றி வாசித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். தலைவர் என் கையைப் பார்த்ததும் நிறைவேறியது என்று எழுதவே ஆரம்பித்துவிட்டார். இந்தக் கை அதுக்கில்லீங்க, பேசுறதுக்கு என்று சொல்லி எழுந்து நின்றேன். நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசித்தானே எனக்குப் பழக்கம், முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அந்த அறையைப் பெண்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அணியைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்றேன். பின் வரிசையிலிருந்து ஒருவன், உங்க பொண்ணுதான் மஞ்சளுக்குப் போயிட்டாளே, இனி உங்களுக்கு என்ன என்று கத்தினான். அவ போகலப்பா, நாம அனுப்பினோம், இந்தக் கையாலதான் அனுப்பினேன் என்று கையை மறுபடி தூக்கிக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. செயலாளர்தான் முதலில் கை தூக்கினார், அந்த அரைகுறை மீசையோடு. அப்புறம் ஒவ்வொன்றாக எழும்பியது. நாலு கை வித்தியாசத்தில் ஜெயித்தோம், சோபாவும் கிடையாது என்று ஆகிவிட்டது.

அணி மாறலாமா என்று இத்தனை வருஷம் இந்தக் கடையில் நான் எத்தனை பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். தோற்கிறது என்பதற்காக மாறுகிறவனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது, அந்த விஷயத்தில் உன் அப்பா திருந்தவில்லை. ஆனால் நீ ஜெயிக்கிற பக்கமாகப் பார்த்துப் போனவள் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் பகலெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, இருபத்தாறு வயதில் மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டு, உனக்கு ஒரு கோல்கம்பம் கொடுத்த இடத்தில் போய் நின்றிருக்கிறாய். அவர்களுக்குத்தான் நீ கைதட்ட வேண்டும். நான் நீலத்திலேயே இருப்பேன், இந்த வயதில் எனக்கு வேறு நிறம் ஒட்டாது, ஆனால் இருக்கிறவன் வாயைத் திறந்து கேட்கவும் வேண்டும் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. சுவரில் இருந்த அட்டையைக் கிழித்துவிட்டேன். வானொலிக்குத்தான் வருத்தம், பேசாமல் உட்கார ஆளே கிடையாதா என்கிறான். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியாக வரவில்லை மகளே, நேரில் பார்க்கும்போதும் வராது, அதனால் இந்தக் காகிதத்திலேயே கேட்டுவிடுகிறேன். மன்னித்துக்கொள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன். நேற்று பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்க வந்திருக்கும் அம்மாள் கடைக்கு வந்தார். கடை நிறைய ஆள். பதினாலு பிள்ளைங்க சேந்திருக்காங்க, ஒருத்திக்கும் கோல்கம்பத்துல நிக்கத் தைரியம் இல்ல, உங்க பொண்ணு நல்லா நிப்பாங்கன்னு செயலாளர் சொன்னாரு, ஊருக்கு வரச் சொல்லுங்களேன் என்றார். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள், வானொலிகூட கத்தரியை நிறுத்திவிட்டான். அவ வேற டீம்ல ஆடுறாம்மா என்றேன். இதே வார்த்தையைத்தான் ஆறு வாரமாகத் தொண்டைக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். நேற்று தலையை நிமிர்த்திக்கொண்டு, கடைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

உன் நீலப் படத்தை மறுபடி கண்ணாடியில் செருகிவிட்டேன். அதற்குக் கீழே இன்னொரு படத்துக்கு இடம் விட்டிருக்கிறேன், மஞ்சள் சட்டையோடு எடுத்து அனுப்பு, முகம் தெரிகிற மாதிரி எடு, பந்து மட்டும் தெரிகிற மாதிரி வேண்டாம். அம்மா முழங்கால் உறை இரண்டு வாங்கி வைத்திருக்கிறாள், மறக்காமல் போடு, உனக்கு இடது பக்கம் பாயும்போது முழங்கால்தான் முதலில் தரையில் படும். இனி போன் செய்தால் நான் குளிக்க மாட்டேன். எந்தக் குறையும் அண்டாமல், எந்தப் பந்தும் உன்னைத் தாண்டாமல், நீண்ட நாள் நன்றாக இரு.

இன்னும் நீலச்சட்டைக்காரனாகவே இருக்கும்
உன் அப்பா