சாம்பல் நிற வண்டி

என் அன்பு வாலுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்பதை நீ அனுப்பிய படத்தில் உன் கன்னமே சொல்லிவிட்டது, அதனால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. இங்கே அப்பாவின் முழங்காலையும் என் வாயையும் தவிர மற்றதெல்லாம் சுகம், முழங்கால் ஓட மாட்டேன் என்கிறது, வாய் நிற்க மாட்டேன் என்கிறது. போனில் பேசாமல் இதென்ன பக்கம் பக்கமாகக் கடிதம் என்று புருவத்தைத் தூக்குவாய். போனில் என்றால் நான் நடுவில் அழுதுவிடுவேன், நீ சிக்னல் சரியில்லை என்பாய், அப்பா பின்னாலிருந்து சுருக்கமா சொல்லு என்பார். உட்கார்ந்து படி, நின்றுகொண்டே படிக்கிற விஷயம் இல்லை.

நம் தெருவுக்கு எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. நீ இருந்தபோது கம்பத்தில் எரிந்த மஞ்சள் சோடியம் விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். நகர விளக்குப் பிரிவில் புகார் எழுதும் மேசையில் உட்கார்ந்திருப்பவள் உன் அம்மா என்பதால், யாருக்கு எது பிடிக்காவிட்டாலும் நம் வீட்டு மணியைத்தான் அடிக்கிறார்கள், ஏதோ அந்த விளக்கை நானே முட்டையிட்டு அடைகாத்துத் தெருவில் விட்டதுபோல. பழைய விளக்கு உன் அப்பா காலையில் எழுந்திருக்கிற மாதிரி, முதலில் ஒரு மங்கல், அப்புறம் ஒரு முனகல், பத்து நிமிடம் கழித்துத்தான் முழு முகம். புதியது ஸ்விட்ச் போட்ட நொடியில் வந்து நிற்கிறது. பாதி மின்சாரம்கூடத் தின்பதில்லை, வானத்துக்கும் மொட்டைமாடிக்கும் வெளிச்சத்தை இறைக்காமல் நேரே தரையில் கொட்டுகிறது, வருஷக்கணக்கில் தொடவே வேண்டாமாம். எல்லாம் நல்லதுதான், ஆனால் அந்த வெள்ளையில் எதையும் ஒளிக்க முடியவில்லை. எதிர்வீட்டு பேங்க் மாமா இருட்டியதும் தன் வாசல் குப்பையை நம் பக்கம் தள்ளிவிடுவார் என்பது இப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் வீட்டுக்காரர் மரத்துக்குப் பின்னால் பிடிக்கும் சிகரெட்டை அவர் மனைவி மாடியிலிருந்தே எண்ணுகிறாள். என் கதையைக் கேள், ஏழு மணிக்குச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒரு வயதான பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், யாரது என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பதில் வராததால் நான்தான் என்று புரிந்தது.

சிரித்துவிட்டாயா, சரி, இனி சிரிக்க அதிகமில்லை. நம் பால்கனிக்கு எதிரே தெரு வளைகிற இடத்தில் நாற்பத்தேழாம் கம்பம் இருக்கிறதே, அதன் கீழே தினமும் ஏழு மணிக்கு ஒருவர் வந்து நிற்கிறார். நீ ஊரைவிட்டுப் போன பிறகு ஆரம்பித்தது, நாலு வருஷமாகிறது. இருபது நிமிடம் நிற்பார், போய்விடுவார். யாரோடும் பேச்சில்லை. பழைய வெளிச்சத்தில் முகமே தெரியாது, மஞ்சளுக்குள் ஒரு கட்டை நட்டு வைத்த மாதிரி இருக்கும். ஆனால் அவர் யாரென்று தெருவுக்கே தெரியும், ரொட்டி வேன்காரர். என் வீட்டை முறைக்கத்தான் வந்து நிற்கிறார் என்று நான் நினைத்தேன். முறைக்க அவருக்குக் காரணமும் இருந்தது. அதனால் அந்த நேரத்தில் பால்கனியில் காய்கிற துணியை எடுக்க அப்பாவை அனுப்பிவிடுவேன், அவர் பாதித் துணியை அங்கேயே விட்டுவிட்டு வருவார், மீதி விடியும்வரை பனியில் நனையும். நனையட்டும், நான் போக மாட்டேன். முதுகில் அவர் பார்வை விழுகிற மாதிரி இருக்கும், திரைச்சீலையை இழுத்து மூடிய பிறகும். புது விளக்கு போட்ட முதல் மாலை முதல்முறையாக அவர் முகம் தெரிந்தது. அவர் நம் வீட்டைப் பார்க்கவே இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது உனக்கு மறந்திருக்காது, அப்போது உனக்குப் பதினான்கு. தூறல் விழுந்த மாலை, இருட்டிக் கம்பத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நீயும் நானும் பால்கனியில் நின்றிருந்தோம். கடையைப் பூட்டிவிட்டு டெய்லரக்கா ரோட்டைத் தாண்டினாள், ஒரு வேன் வந்தது, டம் என்று ஒரு சத்தம், அவள் கீழே கிடந்தாள், வேன் நிற்காமல் வளைவில் திரும்பிப் போய்விட்டது. அவளுடைய இடது கால் அன்றோடு போயிற்று. நம்பரை யாரும் பார்க்கவில்லை. நிறம் என்ன என்று போலீஸ்காரர்கள் கேட்டார்கள், சாம்பல் என்றேன். நன்றாகப் பார்த்தீர்களா என்றார்கள், பதினெட்டு வருஷமா விளக்கு ஆபீஸ்ல இருக்கேன் சார், எந்த வெளிச்சத்துல எது எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாதா என்றேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெருமையில் ஒரு வாரம் முதுகு நிமிர்ந்தே நடந்தேன். இந்தப் பக்கத்தில் சாம்பல் நிற வேன் ஒன்றுதான், ரொட்டிக் கடையுடையது. அந்த நேரத்தில் அந்த வழியாகப் போனேன், ஆனா யாரையும் இடிக்கல என்று அதை ஓட்டினவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். வண்டியின் முன்னால் ஏதோ பழைய நெளிசல் வேறு. ஓட்டுநர் உரிமம் பறிபோயிற்று, கடையில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், இப்போது காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை நம் பக்கத்து ஆறு கம்பங்களில் மட்டும் புது விளக்கு மாட்டிவிட்டு, மீதியை மறுநாளைக்கென்று போட்டுவிட்டுப் போனார்கள். தெருவில் பாதி வெள்ளை, பாதி மஞ்சள். நான் பால்கனியில் காப்பிக் கோப்பையோடு நின்று, எது அழகு என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்கத்தான் ஆளில்லை. மஞ்சள் பக்கத்திலிருந்து ஒரு சாம்பல் நிற வேன் வந்தது. வெள்ளை வெளிச்சத்துக்குள் அதன் மூக்கு நுழைந்ததும் நீலமாயிற்று. கதவு நீலம், பின்பக்கம் நீலம், பளிச்சென்று ஆகாய நீலம், சலவைக் கடை வண்டி. எனக்குக் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, அது திரும்பி வரும்வரை நின்றேன். நீலமாக வந்தது, மஞ்சளுக்குள் போனதும் தணல் அணைகிற மாதிரி சாம்பலாயிற்று. காப்பி முழுதும் என் காலில். சுட்டதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாள் ஆபீசில், விளக்கு மாட்டுகிற ஏணியைக் கேட்டேன், ஏணி என்றால் எங்கள் லைன்மேன், அவன் உயரத்துக்கு வைத்த பெயர். அவன் சிரித்தான். அக்கா, பழசுல மஞ்சளைத் தவிர வேற நிறமே கிடையாதுக்கா, நீலத்த வெச்சா சாம்பல், சிவப்ப வெச்சா மண்ணு, இது மேல ஏறுற எல்லாருக்கும் தெரியுமே என்றான். எனக்குத் தெரியவில்லை. நான் ஏறியதே இல்லை. எந்தக் கம்பம் எரியவில்லை என்று இருபத்தேழு வருஷம் நோட்டில் எழுதினேன், எரிகிற விளக்கை ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. சரி, சாம்பலை வெச்சா என்ன தெரியும்டா என்று கேட்டேன். அவனுக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அன்று மாலையே கிடங்குத் தெருவுக்குப் போனோம், அங்கே இன்னும் மூன்று பழைய விளக்குகள் மிச்சம். அப்பாவுக்குச் சாம்பல் நிறச் சட்டையை மாட்டி விளக்கடியில் நிறுத்தினேன், கையில் நம் வீட்டு நீலப் படுக்கை விரிப்பு. பால்கனியிலிருந்து ரோடு எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளி நானும் ஏணியும். அப்பா அங்கிருந்து, இன்னும் எவ்வளவு நேரம்டி பொம்மை மாதிரி நிக்கணும் என்று கத்துகிறார், அந்த வழியாகப் போன ஒரு அம்மா அவரிடம் விரிப்பு என்ன விலை என்று கேட்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவ்வளவு நேரம் நான் உற்றுப் பார்த்ததே இல்லை. விரிப்பு சாம்பலாக இருந்தது. சட்டை சேற்று மஞ்சளாக இருந்தது. புரிகிறதா வாலு? அன்று வந்தது ரொட்டி வேன் என்றால் எனக்கு அது சேற்று மஞ்சளாகத் தெரிந்திருக்கும். நான் பார்த்தது சாம்பல். அப்படியானால் வந்தது சாம்பல் வண்டியே இல்லை. நான் சொன்ன சாட்சிக்குள்ளேயே அவர் நிரபராதி என்று இருந்திருக்கிறது, நான்தான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன்.

முதலில் டெய்லரக்காவிடம் போனேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். முடித்ததும் தையலை அறுத்துவிட்டு, என் வீட்டுக்கு இருபத்திரண்டு படி, ஒன்பது வருஷமா ஒவ்வொரு படிக்கும் அந்த ஆளை ஒரு திட்டு திட்டித்தான் ஏறுறேன், இனிமே யாரத் திட்டிட்டு ஏறுவேன் சொல்லு என்றாள். என்னை என்றேன். நீயும் ஒரு ஆளா, போடி என்றாள். அவள் சிரிக்கவில்லை. தைக்கக் கொடுத்திருந்த என் ரவிக்கைத் துணியை அளவு எடுக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாள், அது என்றைக்குத் தைத்து வருமோ தெரியாது, கேட்கவும் வாயில்லை.

அப்புறம் ரொட்டிக்காரர் வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை, சொல்லாதது நியாயம். அவர் சந்தையிலிருந்து வந்தார், தோளில் சாக்கு. நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார், துரத்துவார் என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தேன். அவர் தோளில் இருந்த சாக்கை இறக்கி வைத்துவிட்டு, அப்ப நான் இல்லையாக்கா என்று கேட்டார். கேள்வியாகவே கேட்டார், வாலு. முதல் ஒரு வருஷம் உங்களத் திட்டினேன்க்கா, அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு, விளக்கு ஆபீஸ்ல இருக்கறவங்க, என்மேல எந்தப் பகையும் இல்லாதவங்க, எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க, தூறல்ல கவனிக்காம இடிச்சிருப்பேனோன்னு, நினைச்சு நினைச்சு அந்தச் சத்தமே கேக்க ஆரம்பிச்சிருச்சு, ரொட்டித் தட்டு ஆடுற சத்தத்துக்கு நடுவுல ஒரு டம், இப்பவும் கேக்குது என்றார். தூக்கத்துல கால உதைச்சு பிரேக் போடுறாரு, கட்டிலே ஆடுது என்று கதவோரத்திலிருந்து அவர் மனைவி சொன்னாள், அதற்கு மட்டும்தான் அவள் வாயைத் திறந்தாள். கம்பத்தடியில் நிற்பது ஏன் என்று கேட்டேன். டெய்லரக்கா கடையப் பூட்டிட்டு ரோட்டத் தாண்டுற வரைக்கும் நிப்பேன்க்கா, இன்னொரு வண்டி வந்துரக் கூடாதுல்ல என்றார். அந்த மனிதருக்குப் பயந்து நாலு வருஷம் திரைச்சீலை இழுத்தவள் நான். அவருடைய வேலையைப் பிடுங்கினேன் என்றுதான் நினைத்துப் போனேன். அவர் கேட்காத ஒரு சத்தத்தையும் அவர் காதுக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது அது எனக்கும் கேட்கிறது, குக்கர் மூடியை வைத்தாலும் டம், அலமாரியைச் சாத்தினாலும் டம்.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டேன், நான் சொன்ன சாட்சி தவறு, அவருடைய உரிமத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று. எங்கள் பிரிவுத் தலைவர் கூப்பிட்டு, மேடம், உங்களுக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு, எதுக்கு நீங்களே போய்த் தலையக் குடுக்கறீங்க என்றார். குடுத்துட்டேன் சார் என்று வீரமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் உட்கார்ந்து கால் மணி நேரம் வெளியே வரவில்லை, அது வேறு விஷயம். மனுவை வாங்கினவர்கள், ஒருத்தர் மாத்திப் பேசினா போதாதும்மா, கூட வேற யாராவது பார்த்தாங்களா என்று கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

அன்று நீ என் பக்கத்தில் நின்று அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாய். சொன்னதும் நான் உன் கையைக் கிள்ளி, சும்மா இரு, விளக்கப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா என்றேன். அந்த வார்த்தை என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் நீ சொல்லப்போவது உன் நினைவா நான் ஊட்டியதா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். பக்கம் பக்கமாக எல்லாவற்றையும் உளறிவிட்டு இதில் மட்டும் இவளுக்கு என்ன கட்டுப்பாடு என்று நீ கேட்கலாம், கேள், எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. மற்றதையும் சொல்லாமல் திடீரென்று கேட்டிருந்தால் நீ பயந்துபோயிருப்பாய். அதனால் இதைப் படித்த சூட்டில் எழுதாதே, இரண்டு நாள் போகட்டும். உனக்கு நினைவிருப்பதை மட்டும் எழுது. நினைவில்லை என்றால் நினைவில்லை என்று எழுது, எனக்காகவும் வேண்டாம், அவருக்காகவும் வேண்டாம். அம்மாவின் கடிதத்தைப் படித்த பிறகுதான் இதை எழுதுகிறேன் என்று முதல் வரியிலேயே போட்டுவிடு, பின்னால் யாரும் கேட்கும்படி வைக்காதே.

நேற்றும் ஏழு மணிக்கு அவர் கம்பத்தடியில் வந்து நின்றார். நான் இறங்கிப் போனேன், நாலு வருஷத்தில் முதல் தடவை. அதான் நீங்க இல்லைன்னு ஆயிடுச்சே, இன்னும் ஏன் நிக்கறீங்க என்று கேட்டேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார், நான் இல்லைன்னா, இடிச்சவன் இன்னும் எங்கயோ வண்டி ஓட்டிட்டுத்தானேக்கா இருக்கான். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை, எனக்கு! டெய்லரக்கா தடியை ஊன்றிக்கொண்டு தாண்டிப் போகும்வரை நானும் அவர் பக்கத்தில் நின்றேன். அவள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு நடந்தாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, அப்பா இரண்டு தடவை விசாரித்ததாக எழுதச் சொன்னார், ஒரு தடவைதான் விசாரித்தார். நீ பார்த்ததை நீ சொல்லும்போது யாரும் உன் கையைக் கிள்ளாத இடத்திலேயே என்றைக்கும் இரு கண்ணே, அதற்குமேல் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை. எழுதுவதைப் பேனாவால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, எனக்கு அனுப்பாமல் நேரே அவர்களுக்கே அனுப்பு, விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. அதை நான் முதலில் பார்க்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் வாயாடி அம்மா