திருப்பிப் போட்ட பெஞ்சு

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. ஆற்றுப் பாலத்தைக் காற்று கொண்டுபோன வருஷம், உன் சின்ன அத்தை பிறந்த வருஷம், அதே வருஷம்தான் எங்கள் வகுப்புச் சுவரும் விழுந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் போதும். எழுதிக்கொடுப்பது எதிர்வீட்டுத் தையல்காரம்மா, அளவு கொடுக்க யாராவது வந்தால் பாதியில் எழுந்து போய்விடுவார், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

பேரனை வகுப்பில் மந்தமான பிள்ளைகள் மேசைக்கு மாற்றிவிட்டார்கள் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். நேற்று போனில் அவனிடம் புதுச் செருப்பு என்ன நிறம்டா என்று கேட்க ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் தெரியாது தாத்தா என்றான். கூச்சம்ப்பா என்று நீ பக்கத்திலிருந்து சிரித்தாய். அது கூச்சமில்லை அம்மாடி.

அந்தச் சுவர் விழுந்த வகுப்பில், கடைசி பெஞ்சில் நாங்கள் நாலு பேர். அதில் பொட்டலம் என்று ஒருவன், எப்போதும் ஒடுங்கி உட்கார்ந்திருப்பான், அதனால் அந்தப் பேர். வாத்தியார் எங்களைக் கேள்வி கேட்பார், வாய் திறப்பதற்குள் உனக்கெங்கே வரப்போகுது என்று முன்பக்கம் திரும்பிவிடுவார். சுவர் விழுந்ததும் கரும்பலகையை எதிர்ப்பக்கம் மாட்டி, பெஞ்சுகளை இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டார்கள். கடைசியில் இருந்த நாங்கள் முதல் பெஞ்சு ஆகிவிட்டோம். வாத்தியார் காய்ச்சலில் படுக்க, புதிதாக ஒருவர் வந்தார். முன்னால் இருப்பதெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் கேட்டுவிட்டுக் காத்திருப்பார், யோசிப்பா, உனக்கு வராமலா போகும் என்பார். பொட்டலம் மனக்கணக்கில் எல்லாரையும் முந்தினான். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிறகு சுவர் எழும்பியது, பெஞ்சு திரும்பியது, பழைய வாத்தியார் வந்தார், எனக்கு வந்த எழுத்தும் போனது. பொட்டலம் ஒரு வழி கண்டுபிடித்தான், கேட்டு முடிப்பதற்குள் தெரியாது என்று தானே சொல்லிவிடுவான், அவமானம் சீக்கிரம் முடிந்துவிடும். வாத்தியார் எதிர்பார்ப்பதைப் பார்த்துத்தான் பிள்ளை வளரும் என்று நீ பரீட்சைக்கு மனோதத்துவப் பாடம் சத்தமாக வாசித்தாயே, அன்றைக்கு எனக்குப் பொட்டலம் ஞாபகம்தான்.

போன மாதம் அவனுக்கு நெஞ்சைப் பிடித்தது, நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நல்ல மாதிரி, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். இவன் தலையைக் குனிந்துகொண்டு தெரியாது சார் என்றான். சொல்லுடா என்று நான் இடித்தேன், வழியெல்லாம் நெஞ்சு என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தான் என்றும் சொன்னேன். டாக்டர் மறுபடி அவனையே கேட்டார், அதே பதில். வாய்வாக இருக்கும் என்று வயிற்றுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த வாரமே போய்விட்டான். மற்ற இரண்டு பேர் எப்போதோ போய்ச் சேர்ந்தார்கள்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன் கண்ணு, நாளைக்கே டீச்சரைப் பார். சண்டை வேண்டாம். மேசையை மாற்றச் சொல், கேள்வி கேட்டால் அவன் பதில் சொல்லும்வரை கொஞ்சம் காத்திருக்கச் சொல். வீட்டிலும் அவனுக்கு வரும் பதிலை நீ முந்திச் சொல்லாதே. இந்தக் கதை அவன் காதுக்குப் போக வேண்டாம். அம்மா மூன்று பேருக்கும் ஆசி சொல்கிறாள், நன்றாக இருங்கள். செருப்பு என்ன நிறம் என்று அவன் வாயால் சொல்லி நான் கேட்க வேண்டும், எத்தனை நேரமானாலும் போனைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
அந்தப் பெஞ்சில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே ஆள்,
உன் அப்பா.