கை நிற்காத நாற்பது மணி நேரம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர நான் இங்கே சுகம். நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், சுகமில்லாதவனால் போனில் இவ்வளவு சத்தமாகக் கத்த முடியாது. நீ அனுப்பிய செய்திகளை எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். மறுபரீட்சை முடிவு வந்துவிட்டதா, மார்க்கு எவ்வளவு, உன் மகள் ஏன் உன் போனை எடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், கடிதத்துக்குள் புகுந்து பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், விஷயத்தில் பிழை இருக்காது.

முதலிலிருந்து சொல்கிறேன், நீ எப்போதும் முதலை விட்டுவிட்டு முடிவை மட்டும் கேட்கிற ஆள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் இங்கே என்னோடு இருந்துகொண்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஒரு தாள் கொடுத்தார்கள், அதில் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் படிப்புக்கு வேண்டும் என்று போட்டிருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாசித்துவிட்டு, வகுப்புக்குப் போகிற நேரம் போக வீட்டில் நாற்பது என்று நீ தீர்ப்பு எழுதினாய். வார நாளில் ஐந்து ஐந்து, சனி ஞாயிறு ஏழரை ஏழரை. நமக்குப் பிடித்தது ஏழரை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை, என் மகன் எவ்வளவு பொறுப்பானவன் என்று கீழ்வீட்டு டைப்பிஸ்டிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அதோடு விட்டாயா. உன் வேலை ஒரு கிடங்கின் காவல் அறையில் பன்னிரண்டு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பதின்மூன்றாவது திரையாகப் பெற்ற மகளை வைத்துக்கொண்டாய். அவள் மேசைக்கு எதிர் அலமாரியில் பழைய போனை நிறுத்தி, கேமராவில் முகம் வேண்டாம் கையும் நோட்டும் தெரிந்தால் போதும் என்று சொன்னாய். போனுக்கு முட்டுக்கொடுத்தவள் நான். தினமும் அந்தப் போனின் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, சார்ஜ் ஏற்றி, நேரத்துக்கு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தவளும் நான். அங்கே உன் திரையில் ஏதாவது அசைந்தால்தான் நீ எழுந்து ஓட வேண்டும், இங்கே ஏதாவது அசையாமல் இருந்தால் உனக்குப் பொறுக்காது. பேனா ஒரு நிமிஷம் நின்றால் அலமாரிக்குள்ளிருந்து உன் குரல் வரும், கை ஏன் நிக்குது என்று. சமையலறையில் இருக்கிற எனக்கே தூக்கிவாரிப்போடும். பிறந்ததிலிருந்து வாய் மூடாமல் ரீங்காரம் போட்டதால் கொசு என்று நாம் பேர் வைத்த பிள்ளை அவள், ஆறு மாதத்தில் இந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் மிச்சம். உன் பெண்டாட்டி ஒரே ஒரு தடவை திரையின் ஓரத்தில் வந்து சாப்பிட்டியா கண்ணு என்று கேட்டாள், படிக்கிற நேரத்துல என்ன பேச்சு என்று அவளையும் விரட்டினாய்.

உன் காலத்தில் நீ தினமும் எட்டு மணி நேரம் தெருவிளக்கில் உட்கார்ந்து படித்ததாக அவளிடம் சொல்லியிருக்கிறாய். நானும் அதே வீட்டில்தானே குடியிருந்தேன். நம் வீட்டில் கரண்ட் எப்போது இல்லாமல் இருந்தது. புத்தகத்தை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு நீ தூங்குவாய், நான் வேலை முடிந்து வந்து அதை எடுத்து மடித்து வைப்பேன், அந்த டிப்ளமோவை மூன்றாம் தடவையில் எட்டிப் பிடித்தாய். பிள்ளைக்கு முன்னால் உன் மானம் போகக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யை நம்பித்தான் அவள் தன்னையே மட்டம் என்று நினைத்துக்கொண்டாள். போன மாதம் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

அவள் இரண்டு தாளில் தோற்றது உனக்கு நன்றாக நினைவிருக்கும், அதற்கப்புறம் நீ செய்தது நினைவிருக்கிறதா தெரியாது. மார்க்கு தாளைப் பெரிதாக அச்செடுத்து அவள் உட்காரும் மேசை மேலேயே, கேமராவில் விழுகிற மாதிரி ஒட்டச் சொன்னாய். எழுதும்போது அதைப் பார்த்துக்கொண்டே எழுதட்டும், அப்போதான் ரோஷம் வரும் என்றாய். வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் என்று ஏற்றினாய். டேப்பை வெட்டி நாலு மூலையிலும் ஒட்டியவள் நான்தான், கோணல் இல்லாமல் ஒட்டினேன், வேலை என்றால் எனக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். ஒட்டி முடிக்கிறவரை அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், முடிந்ததும் பேனாவை எடுத்தாள்.

இனிமேல்தான் விஷயம். முப்பத்தொரு வருஷம் ஆடை ஃபேக்டரியில் செக்கிங் மேசையில் நின்றவள் உன் அம்மா, அதை நீ யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாய், நான் சொல்லிக்கொள்வேன். ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் அதை எந்த மணிக்குத் தைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். காலைத் தையல் ரயில் தண்டவாளம் மாதிரி போகும், ஓவர்டைம் தையல் குடித்தவன் நடை மாதிரி போகும். கூட நாலு மணி நேரம் உட்கார வைத்தால் கூட நாலு கூடை துணி வரும், அதில் மூன்று கூடையை நான் பிரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவேன், மறுநாள் காலை அதைப் பிரிக்கவே பொழுது போய்விடும். சூப்பர்வைசருக்கு மட்டும் இது கடைசிவரை புரியவில்லை, அவருக்கு மெஷின் சத்தம் கேட்டால் போதும். அப்படிப்பட்ட நான் இரண்டு வருஷமாக அவள் நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. இங்கிலீஷில் இருக்கிறது, நமக்கென்ன தெரியும் என்று பயந்து அடுக்கி மட்டும் வைத்தேன். இரண்டு மாதம் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்கு சரிந்து விழுந்தது, பொறுக்கும்போது பார்த்தேன். முதல் ரெண்டு பக்கம் தண்டவாளம். அதற்கப்புறம் எழுத்து சாய்ந்து சாய்ந்து, ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, அதே இடத்தில் அதே நீளச் சொல், அதே கட்டம், அதே அம்புக்குறி. ஒரு பாடம் மட்டும் பத்தொன்பது தடவை வந்திருந்தது, எண்ணினேன். இருபத்தாறு நோட்டு. என்னடி இது என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து மாற்றவில்லை. "யோசிச்சா கை நின்னுடும் பாட்டி. நின்னா அப்பா கேப்பாரு. அதனால யோசிக்கிறதை விட்டுட்டேன்."

மறுநாள் நாலு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சரம்மாவைத் தேடிப் போனேன். மாடிப்படி நாற்பதுக்கு மேல் இருக்கும், என் காலைப் பற்றி நீ கேட்டதே இல்லை, அது போகட்டும். ஒரு பிள்ளை தானாக எத்தனை மணி நேரம் படிக்கணும்மா என்று நேராகக் கேட்டேன். அந்தம்மா சொன்னது, நாற்பது என்பது வகுப்பையும் சேர்த்து, வகுப்பே இருபது போய்விடும், மிச்சம் இருபது, அதுவும் ஒரு பேச்சுக்கு, சிலருக்குப் பதினைந்து போதும், சிலருக்கு இருபத்தைந்து வேண்டும், அதில் பாதி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அதுவும் படிப்புதான் என்று. நாற்பதில் இருபது போனால் மிச்சம் எவ்வளவு மகனே. கழித்தல் ஐந்தாம் வகுப்புக்கு முன்னாலேயே வந்துவிடும், நான் அதுவரை போயிருக்கிறேன். நோட்டுகளைக் காட்டினேன். புரட்டினார், மூடினார், தண்ணீர் குடிக்கிறீங்களா என்று கேட்டார். எனக்கு அந்த அறையில் உட்காரவே கூசியது.

அன்று சாயங்காலமே போனை அணைத்து டிராயரில் போட்டேன், மேசையில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். நீ என் போனில் கூப்பிட்டு, அஞ்சாங்கிளாஸ் படிச்ச உனக்கு யுனிவர்சிட்டிப் படிப்பைப் பத்தி என்ன தெரியும் என்று கேட்டாய். எனக்கு ஒன்றும் தெரியாதுதான். டிப்ளமோ படித்த உனக்குத் தெரிந்ததைத்தான் இரண்டு வருஷம் பார்த்தோமே. மணி நேரம் உன் கணக்கில் ஏறியது, பிள்ளை தலையில் ஒன்றும் ஏறவில்லை. ஆடு வளர்கிறதா என்று தினம் நிறுத்துப் பார்த்தவன் அதற்குத் தழை போட மறந்தானாம், அந்தக் கதை.

இப்போது கேட்டுக்கொள், அவள் இந்த வீட்டில் இல்லை. போனை அணைத்த பத்தாம் நாள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், நம்பரையும் மாற்றிவிட்டாள். புது நம்பர் என்னிடம் இருக்கிறது, தர மாட்டேன். அவள் போகும்போது நான் உன்னைத் திட்டினேன், உங்கப்பன் இப்படிப் பண்ணிட்டானே என்றேன். அவள் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள், "அப்பா தூரத்துல இருந்து பார்த்தாரு. நீங்க பக்கத்துலயே இருந்தீங்க பாட்டி." குரலை உயர்த்தக்கூட இல்லை. இந்த வயதில் ஒரு பேச்சு என்னை இப்படி வெட்டும் என்று நினைக்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லி எழுதாதே, எனக்கு வர வேண்டியது வந்தது. உனக்கு வர வேண்டியதை நான் கொண்டுவந்து தருகிறேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள், துணி துவைத்து எடுத்துப் போகிறாள். எத்தனை மணி நேரம் படிக்கிறாள் என்று கேட்பதில்லை, கேட்க நாக்கு நுனிவரை வரும், கடித்துக்கொள்கிறேன். போன வெள்ளி மறுபரீட்சை முடிவைக் கொண்டுவந்து காட்டினாள். பார்த்தேன். என் பேத்தி என்று என்றைக்கும் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடக்கிறேன், ஆனால் அவள் தோற்றிருந்தாலும் அப்படித்தான் நடப்பேன், அதனால் இதை வைத்து நீ ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தாளை மடித்து வாங்கிக்கொண்டு, அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். ஆகையால் மகனே, ஒவ்வொரு நிமிஷமும் கண்கொட்டாமல் பார்த்தவன் நீ, முடிவு மட்டும் உனக்கு இல்லை. ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம் என்று நினைக்காதே, வயது வந்த பிள்ளை, அவள் கையெழுத்து இல்லாமல் தர மாட்டார்களாம், நீ கேட்பாய் என்று தெரிந்து நானே விசாரித்துவிட்டேன். உன் செய்திகளை இன்னொரு தரம் வாசித்தேன். மார்க்கு, மார்க்கு, மார்க்கு. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி தேடினேன். அதைச் சொல்ல வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நீ கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன்.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று இந்த வாயால்தான் ஆசீர்வாதமும் சொல்கிறேன், பெற்ற வாய் வேறு எதைச் சொல்லும். மருமகளிடம், பிள்ளை சாப்பிடுகிறாள் என்று சொல். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடு, திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிடும். அவளுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றினால் இந்த முகவரிக்கு அனுப்பு, வெள்ளிக்கிழமை அவள் வரும்போது மேசையில் வைக்கிறேன். பிரிப்பதும் பிரிக்காததும் அவள் பாடு. வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன், பக்கத்தில் நின்று பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா