குழம்புக்கு ஆகாத மீன்

மாமு,

காலையில் கொசு மருந்து அடிக்க ஆள் வந்தான். வீடெல்லாம் ஒரே வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன். நீ கண்ணை மூடி இரண்டு ஐப்பசி ஆகிறது. இருந்திருந்தால் அவனோடு வம்பளந்து ஒரு பீடியாவது கறந்திருப்பாய்.

ராயபுரத்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே கிணறு. என் மனைவிக்கு முதல் கரு குளிர்காய்ச்சலில் கலைந்திருந்தது. இரண்டாம் முறை, ஐந்தாம் மாதத்தில், அதே நடுக்கம். துறைமுகக் குமாஸ்தாவான நான் தெரியாத விஷயத்தில்தான் அதிகம் பேசுவேன். "உப்பங்காத்து ஒத்துக்கல" என்று ஆஸ்பத்திரியிலேயே பிரசங்கம் செய்தேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொயினா மாத்திரை கொடுத்து, "கொசு கடிச்சு வர்ற காய்ச்சல் இது. கிணத்தை எட்டிப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். கொசுவாகப் போகும் புழுக்கள் தண்ணீரில் நெளிந்தன.

"இன்னா மாமு, கூத்தாடிப் புழுவுக்கு நாமளே கொட்டா போட்டுக் குடுத்துக்கீறோம்" என்றாய்.

குடிக்கிற தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்ற முடியாது. டாக்டர் சொன்ன குளத்திலிருந்து, புழு தின்னும் பொடி மீன்களைக் குடத்தில் கொண்டுவந்து விட்டாய். தண்ணீர் தேங்கிய ஓட்டைச் சட்டிகளை எல்லாம் கவிழ்த்தாய்.

சில நாளில் மீன் குறைந்தது, புழு திரும்பியது, உன் வீட்டில் குழம்பு மணத்தது. மீன் கூடை சுமக்கும் உன் மனைவி அசரவில்லை.

"வாளியில மீனு வந்தா கொழம்பு வெக்காம கொஞ்சிகினா இருப்பாங்க? நாம இன்னா கறிகாயா விக்கிறோம்?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு வயித்துல கீறது பொழைக்கணும்மே. இது கொழம்பு மீனு இல்ல, காவலுக்கு வுட்டது."

அவள் அடுப்பை அணைத்தாள். மறுநாள் இருவருமாகப் போய் இன்னொரு குடம் மீன் கொண்டுவந்தீர்கள். அதற்குப் பிறகு வாளியில் மீன் ஏறினால், "போ ராசா, டூட்டியப் பாரு" என்று திருப்பி விடுவாள். என் ஆபீசில் யாரும் என்னிடம் இவ்வளவு பிரியமாக டூட்டியைப் பற்றிப் பேசியதில்லை.

காய்ச்சல் திரும்பவில்லை. மகள் பிறந்தாள். மூக்கு யாருடையது என்று எல்லோரும் வழக்காடிக்கொண்டிருக்க, நீ மட்டும் "ஒடம்பு சுடுதா?" என்று கேட்டாய். தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

அந்தக் கேள்வி இன்னும் என் கையிலேயே இருக்கிறது. மகள் படுத்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு வெட்கம். "கைய எடு நைனா, ஒண்ணும் இல்ல" என்கிறாள்.

ஒன்றும் இல்லை என்று இன்னொரு தரம் சொல்லட்டுமே என்று, கொஞ்சம் தாமதித்துத்தான் எடுக்கிறேன்.