சங்கு ஊதியதும் போட்ட மாத்திரைகள்

கம்பெனியின் இரண்டு மணிச் சங்கு இப்போதுதான் ஊதி ஓய்ந்தது. உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு உங்கள் கட்டில்வரை வந்துவிட்டேன். கட்டிலில் மருமகள் மடித்து வைத்த துணிதான் கிடக்கிறது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. இந்தக் காலுக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

சிமெண்ட் கம்பெனியில் ஷிப்டு பார்த்த உடம்பு உங்களுடையது. சங்கு ஊதினால்தான் சாப்பாடு, சங்கு ஊதினால்தான் தூக்கம். ரிட்டையர் ஆகிச் சர்க்கரை வந்தபோதும், "காலைச் சங்கு ஊதுனா மாத்திரை. எனக்கு மறக்கவே மறக்காது பாரு புள்ள" என்று பெருமையடித்தீர்கள். பிறகு மறதி வந்தது. பேர் மறந்தது, வழி மறந்தது, சங்கு மட்டும் மறக்கவில்லை. அதுதான் நம்மைக் கெடுத்தது.

வீட்டில் இருக்கும் நாளில் இரண்டு மணிச் சங்குக்கு மதிய மாத்திரையும் தண்ணீரும் நானே கொண்டுவந்து தருவேன். மற்ற நாளில் வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பேன். மதியச் சங்கு ஊதும். தூக்கத்திலிருந்து எழுந்த நீங்கள், பொழுது விடிந்ததென்று காலை மாத்திரைகளை மறுபடியும் விழுங்கியிருக்கிறீர்கள். அப்போது அது எனக்கு எங்கே தெரியும்? வீடு திரும்பினால் சட்டை நனைய வேர்த்துப்போய், "யாரும்மா நீ?" என்று என்னையே கேட்பீர்கள். சர்க்கரை போட்டுக் காப்பி கொடுத்தால் தெளிவீர்கள்.

பெரம்பலூர் டாக்டர் மறதிக்கு ஒன்று எழுதினார். தூங்காமல் நடக்கிறார் என்றதும் அரியலூரில் இன்னொருவர் தூக்கத்துக்கு ஒன்று எழுதினார். அதைப் போட்டுத் தலைசுற்றி விழுந்தீர்கள், தலைசுற்றலுக்கும் ஒன்று வந்தது. நம் மகனோ, "எல்லாம் பெரிய டாக்டருங்கம்மா, நீ சும்மா இரு" என்றான். பழையதில் ஒன்றை நிறுத்திப் பார்க்கலாம் என்று ஒரு மகராசனும் சொல்லவில்லை. மாத்திரை டப்பா நிறைய நிறைய நீங்கள் வற்றிப்போனீர்கள்.

"இதத் தின்னே வயிறு நெறஞ்சுடும்போல புள்ள" என்று சிரித்தீர்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

எழுப்ப எழுப்ப எழாத உங்களை ஆம்புலன்சில் ஏற்றிப் போனோம். டூட்டியில் இருந்த டாக்டரம்மா டப்பாவைக் கொட்டி, காலி அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். "மாசம் பூரா வரவேண்டிய சர்க்கரை மாத்திரை பாதி மாசத்துலயே தீந்திருக்கு. அதான் ரத்தத்துல சர்க்கரை இப்படி எறங்கிப்போச்சு. யாரும்மா எடுத்துக் குடுக்கறது?" என்றார். சங்கு அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. "போட்டமா இல்லியான்னு சந்தேகம் வந்தா, திரும்பப் போடக் கூடாதும்மா" என்று பிறகு மெதுவாகச் சொன்னார். இந்த ஒரு வார்த்தையை முன்னாலேயே யாராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நீங்கள் கண்ணே திறக்கவில்லை.

இப்போது என் முறை. அடுப்பில் பாலை மறக்கிறேன், பேத்தியை மருமகள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். எனக்கும் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறான் மகன். போன வாரம் பெரம்பலூர் டாக்டர் பேனாவை எடுத்ததுமே, "புதுசா எழுதறதுக்கு முன்னாடி எத நிறுத்தலாம்னு சொல்லுங்க சார்" என்றேன். மகன் முறைத்தான். முறைக்கட்டும்.

சொம்பு இன்னும் கையில் இருக்கிறது. காலையில் என் மாத்திரையைப் போட்டேனா? போட்டதாகத்தான் ஞாபகம். இல்லை, அது நேற்றா? டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் கட்டிலில் துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, வெறும் தண்ணீரைக் குடித்தேன்.