மாணவர் டிக்கெட்

மார்ச் 3, செவ்வாய்

பிள்ளைகள் தூங்குகிறார்கள். வாலு முதலில் எழாமல் இருந்தால் எழுத ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்.

காலையில் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “இந்த மாசம் எல்லாரும் தீம் பார்க் போறோம். முடிவு பண்ணியாச்சு.” லிஃப்ட் ரிப்பேரில் மாமா ஓவர்டைம் பார்த்த பணத்தை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம்.

உருண்டைக்கும் வாலுவுக்கும் இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அக்காவின் இரட்டையர், ஆனால் அவள் சதை, அவன் காற்று. “இதுங்களுக்கு என்ன தெரியும்க்கா?” என்றேன்.

“இதுங்களுக்கு இல்லடி. உனக்கு. இதுங்களுக்காக ஸ்கூலையே விட்ட. ஒரு நாளாவது நீ சந்தோஷமா இருக்க வேண்டாமா?”

பால் புட்டியைக் கழுவுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். புட்டி ஏற்கெனவே கழுவியிருந்தது.

மார்ச் 5, வியாழன்

திட்டம் போடுகிற வேலை எனக்குத்தான். “படிச்ச பொண்ணு நீதான” என்று மாமா போனை நீட்டினார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறவர். அதனாலேயே குத்துகிறது.

போனவர்கள் எழுதி வைத்ததையெல்லாம் படித்தேன். மாற்றுத்துணி மூன்று செட். தொப்பி. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை, குழந்தை உணவு மட்டும் கொண்டுபோகலாம். எண்பத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் இலவசம். எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று பட்டியல் எடுத்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு மூன்றே மூன்று: குட்டி ரயில், சுற்றும் கோப்பை, பொம்மைப் படகு.

இருவரையும் சுவரில் நிற்க வைத்துக் கோடு போட்டேன். உருண்டை எண்பத்து நான்கு. வாலுவும் எண்பத்து நான்குதான். ஆனால் நிமிர்ந்து நின்றால் கைதட்டுவோம் என்று நினைத்து எம்புகிறான். மாமா அவன் தலையை அமுக்கி, “அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வளராதடா ராசா” என்று கெஞ்சினார்.

சிரித்தேன். பிறகு, ஏன் சிரித்தேன் என்று இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

இது அறிவியல் நோட்டு. ஒன்பதாம் வகுப்பு. முன்பக்கம் பன்னிரண்டு தாள் பாடம், மீதி காலி. காலியில்தான் நான் எழுதுகிறேன். பாடம் நின்ற இடத்தில் இப்படி இருக்கிறது:

“மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. அது சுவாசிப்பது”

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.

யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுதுகிறேன். நான் பிள்ளைகளுக்காகப் பள்ளியை விடவில்லை.

டீச்சர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தோம். பாதி வரியில் நிறுத்தி, இதுவரை எழுதியதை வாசி என்று என்னை எழுப்பினார். எழுந்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவர் காத்திருந்தார். அதுதான் கொடுமை, திட்டியிருக்கலாம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, “புழுவுக்கு மட்டுமில்ல டீச்சர், இவளுக்கும் நுரையீரல் கிடையாது” என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. சாயங்காலம் கேட்டைத் தாண்டுவதற்குள் என் பெயரே புழு என்று ஆகிவிட்டது.

மறுநாளிலிருந்து போகவில்லை. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பி, பஸ் டெப்போ பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். பதினொரு நாள். பன்னிரண்டாவது நாள் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அக்கா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில். என் கையில்தான் கிடைத்தது. கிழித்தேன். அந்த வாரமே இவர்கள் இரண்டு பேரும் அவசரமாக வந்து பிறந்தார்கள். அக்காவுக்கு மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் சொன்னேன், “ஸ்கூல நிறுத்திட்டு நான் பாத்துக்கறேன்க்கா.”

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா போன பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் அழவில்லை. எனக்குள் அப்பாடா என்றிருந்தது.

மார்ச் 14, சனி

புதன்கிழமை மாணவர்களுக்குப் பாதி விலை. அடையாள அட்டை காட்ட வேண்டும். மாமாதான் கண்டுபிடித்தார்.

“சின்னவளே, உன் பழைய ஸ்கூல் கார்டு இருக்கா?”

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். லாண்டரியில் நாளெல்லாம் தேய்த்துவிட்டு வந்து வீட்டிலும் தேய்க்கிறாள். “ஏங்க, அவகிட்ட போய் அதக் கேக்குறீங்களே, மனசாட்சி இருக்கா?”

“பாதி விலைடி!”

அக்கா சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டாள். பிறகு மெதுவாக, “சரி, எடுத்துட்டு வரட்டும். நம்மளாலதான விட்டா. ஒரு நாளாவது ஸ்டூடண்ட்டா இருக்கட்டும்.”

கார்டு இந்த நோட்டின் அட்டைக்குள்ளேயேதான் இருந்தது. பீரோவில் தேடுகிற மாதிரி பத்து நிமிடம் போக்குக் காட்டினேன்.

மார்ச் 19, வியாழன்

கார்டில் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆண்டு போட்டிருக்கிறது. மாமா அதன்மேல் பிள்ளைகளின் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டார். மஞ்சள் வாத்து. “யாரு பாக்கப்போறா?” என்றார்.

சாப்பாட்டுக்கும் வழி செய்தாயிற்று. ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் மசித்து ஆறு டப்பாவில் அடைத்து “குழந்தை உணவு” என்று நான் எழுத வேண்டுமாம். “எனக்கும் அதுதான்னா எனக்கும் கழுத்துல ஒரு பிப் கட்டி விடுங்க” என்றார் மாமா. எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொல்லிடணும். போறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். எப்படிச் சொல்றது? எல்லாம் முடிவு பண்ணியாச்சே.

மார்ச் 24, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 26, வியாழன்

நேற்று போனோம். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் தள்ளுவண்டி இரவல். ஒரு சக்கரம் கிறீச்சிடும். ஒருவருக்கான வண்டியில் இரண்டையும் திணித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். உயரம் பார்க்கும் இடத்தில் வாலு சாமர்த்தியமாகத் தூங்கிவிட்டான், பிழைத்தோம். டப்பாக்களையும் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிட்டார்கள். கடைசியாக என் கார்டு.

கவுன்ட்டரில் இருந்த அம்மா கார்டை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாத்தை நகத்தால் சுரண்டினார்.

“எந்த கிளாஸ்மா?”

பதினொன்று என்று சொல்லச் சொல்லியிருந்தார் மாமா. வாயைத் திறந்தேன். அன்றைக்கு மாதிரியே, ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாவும் காத்திருந்தார். எனக்குப் பின்னால் நாற்பது பேர்.

வண்டியிலிருந்து உருண்டை கணீரென்று சொன்னாள், “தித்தி தூல் போல!” சித்தி ஸ்கூல் போகவில்லை.

யாரோ சிரித்தார்கள். உடனே அக்கா என்னைப் பின்னால் இழுத்துவிட்டு முன்னால் போனாள். “ஆமாங்க, படிக்கல. எங்க பிள்ளைங்களப் பாத்துக்கத்தான் படிப்ப விட்டா. வகுப்புல நல்லாப் படிச்ச பொண்ணு. எங்களால போச்சு. பொய் சொல்லச் சொன்னது நாங்க, அவ இல்ல. முழு டிக்கெட்டே குடுங்க.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். அத்தனை பேர் முன்னால்.

கவுன்ட்டர் அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பாதி விலை டிக்கெட்டையே கிழித்துக் கொடுத்து, “போய் நல்லா விளையாடு கண்ணு” என்றார். பின்னால் நின்ற ஒரு பெண் என் கன்னத்தைத் தொட்டு, “தங்கமான பொண்ணு” என்றாள்.

மண்ணுக்குள்ள போயிடலாம்போல இருந்துச்சு. எனக்காக அக்கா பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் உண்மை என்று நினைத்தல்லவா சொன்னாள்.

உள்ளே, நான் மூன்று வாரம் பட்டியல் போட்டது எதற்கும் ஆகவில்லை. குட்டி ரயில் ஊதியதும் உருண்டை வீறிட்டாள். கோப்பை சுற்றுவதற்கு முன்பே வாலு வாந்தி. இருவருக்கும் பிடித்தது கழிவறையில் கை உலர்த்தும் மெஷின்தான், நான்கு தடவை போனோம். மாமா “ஒரே ஒரு தடவ” என்று ரோலர் கோஸ்டருக்குப் போனவர், ஒரு மணி நேரம் வரிசையிலேயே நின்றார்.

நாங்கள் பூப்பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தோம். தண்ணீர் விட்டிருந்த ஈரத்தில் ஒரு மண்புழு நெளிந்து வந்தது. இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். இவ்வளவு செலவு செய்து வந்து, புழு.

“மூக்கு எங்க?” என்று வாலு கேட்டான்.

“இதுக்கு மூக்கு இல்லடா.”

“மூச்சு?”

எனக்குத் தெரியவில்லை. அக்கா அவன் தலையைத் தடவியபடி சொன்னாள், “சித்தி மட்டும் படிச்சிருந்தா சொல்லியிருப்பா. நம்மளாலதான்...”

“இல்லக்கா.”

சத்தம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. புழுவைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டெப்போ, பதினொரு நாள், கடிதம்.

“லெட்டர என்ன பண்ண?”

“கிழிச்சிட்டேன்.”

“இதுங்க பொறக்கறதுக்கு முன்னாடியா?”

“ஆமா.”

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். மிக மெதுவாகத்தான் பேசினாள். “நீ இதுங்க துணிய அலசுறப்ப நான் உன் கையப் பாக்கவே மாட்டேன், தெரியுமா? ரெண்டு வருஷம். கூசும். ஒரு நல்ல புடவை கட்டினாக்கூட உன் முன்னாடி வரக் கூசும்டி எனக்கு. இன்னைக்கு அத்தன பேர் முன்னாடி அழுதேனே, அப்பகூட நீ வாயத் திறக்கல.”

எழுந்து, உருண்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாமா தலையெல்லாம் கலைந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு ஓடி வந்தார். எங்களைப் பார்த்து, “என்ன, எது தொலஞ்சு போச்சு?” என்று பிள்ளைகளை எண்ணினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா மூன்று சீட் தள்ளி உட்கார்ந்தாள்.

மார்ச் 28, சனி

என்னோடு பேசுவதில்லை. பிள்ளைகள் வழியாகத்தான். “உங்க சித்திகிட்ட சோப்பு தீந்துபோச்சுன்னு சொல்லு.” வாலு ஓடி வந்து, “தித்தி, தோப்பு!” என்கிறான். வாங்கி வந்து வைத்தேன்.

மார்ச் 30, திங்கள்

அவள் தட்டில் சாதம் வைத்தால் சாப்பிடுகிறாள். அதுவே போதும்.

போதாது.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டே, நிமிராமல் கேட்டாள். “என்ன சொல்லிச் சிரிச்சாளுங்க?”

“புழுன்னு.”

ஒரு சட்டை முழுவதும் தேய்த்து முடித்தாள். “எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல.”

“சத்தம் வரலக்கா.”

“இதுங்கள அதட்டுறப்ப மட்டும் தெருமுனை வரைக்கும் கேக்குது.” அடுத்த சட்டையை எடுத்தாள். “இங்க பாரு. எங்களுக்காக நீ விடல. அது எனக்குப் புரிஞ்சுபோச்சு. விட்டது நீ. திரும்பப் போய்க் கேக்குறதும் நீதான். நான் கூட வருவேன். வாசல்ல நிப்பேன். உள்ள வந்து பேச மாட்டேன்.”

கோபம் இன்னும் போகவில்லை. குரலில் இருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

போனோம். பள்ளி ஆபீஸ் வாசல் வரைக்கும். உள்ளே கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். திரும்பி நடந்துவிட்டேன். அக்கா பின்னாலேயே வந்தாள். அரை நாள் சம்பளம் போச்சு அவளுக்கு. வெட்கமாக இருக்கிறது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 13, திங்கள்

மறுபடி போனோம். கிளார்க் பெயர் கேட்டார். சொன்னேன். “கேக்கலம்மா” என்றார். சொன்னேன். “இன்னும் கொஞ்சம்.” சொன்னேன்.

பாதியில் விட்டவர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறதாம். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. ஜூனில் ஆரம்பம்.

வெளியே வந்தபோது அக்கா வாசலில் நிற்கவில்லை. ஜன்னலுக்கு அடியில் நின்றிருந்தாள். “மூணாவது தடவதான் காதுல விழுந்துச்சு” என்றாள்.

ஜூன் 16, செவ்வாய்

அக்கா காலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு இரண்டாவது வாரம். ஒன்றரைக்கு வருவாள், நான் கிளம்புவேன். வகுப்பில் பதினான்கு பேர். பக்கத்தில் இருப்பவர் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. என்னைவிட மெதுவாகத்தான் எழுதுகிறார்.

பாடத்துக்குப் புது நோட்டு. ஆனால் இன்று மண்புழு பாடம் நடந்தது, வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைத்தான் எடுத்தேன். முன்பக்கம் திருப்பி, நின்ற வரிக்குப் பக்கத்திலேயே எழுதினேன். மை நிறம் வேறு. பரவாயில்லை.

வாலுவைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன்: “மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. அது சுவாசிப்பது ஈரமான தோல் வழியாக.”

அவனுக்கு மறந்தே போயிருந்தது. இறங்கி ஓடிவிட்டான்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. “என்னது அது?” என்று அக்கா கேட்டாள். “சத்தமாப் படிடி.”

இன்னொரு தடவை படித்தேன்.